வாசலைத் தாண்டுங்கள், இருவரும்

பிரான்சுக்கு வந்து குடித்தனம் போட்டிருக்கும் நம் இளம் ஜோடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கோபம் கிளம்பும். அன்பிலிருந்து வருகிற கோபம்தான். லியோனில் இத்தனை வருடம் இருந்து பார்த்துவிட்டேன், இனியும் அடக்கி வைக்கப் போவதில்லை.

கல்யாணம் முடிந்த கையோடு விசா வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறீர்கள். முதல் மாதம் ஈஃபிள் கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம். ஊரில் அத்தனை பேரும் அதற்கு இதயம் போடுகிறார்கள். அதற்கப்புறம்? அவன் காலையில் கிளம்பிப் போகிறான். அவள் நான்காவது மாடி ஜன்னலில் நின்று டிராம் போவதைப் பார்க்கிறாள். சனிக்கிழமை இருவருமாகப் போய்ப் பருப்பும் கறிவேப்பிலையும் வாங்கி வருகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கம், சாம்பார், அம்மாவுடன் வீடியோ கால். ஊரில் கூட்ட நெரிசலில் பஸ் ஏறி, மேலதிகாரியோடு மல்லுக்கட்டி, சம்பளம் வாங்கி, தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய பெண், இங்கே தலைவலி மாத்திரை வாங்கக்கூட மாலை ஏழு மணிக்குக் கணவன் வரட்டும் என்று காத்திருக்கிறாள். எங்கே போனாள் அந்தப் பெண்? விமானத்தில் விட்டுவிட்டு வந்தாளா?

தங்கையே, உன்னைத்தான் கேட்கிறேன். தம்பி, உன்னையும்தான்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். மொழி வராது. குளிர். செலவு. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். கொஞ்சம் பிரெஞ்சு படித்துக்கொண்டு, அப்புறம் வெளியே கிளம்பலாம் என்றிருக்கிறேன். இந்தக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது, கேட்பதற்கு நியாயமாக இருப்பதால். தைரியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. போய்ப் போய்த்தான் அது வருகிறது. அதிலும் ஒருவர் பேசி இன்னொருவர் பின்னால் நின்றால், பேசியவருக்கு மட்டும்தான் வரும். குடும்பத்துக்கு ஒருவர் தைரியமாக இருந்தால் போதும் என்ற கணக்கு இந்த நாட்டில் செல்லாது.

இந்த நாட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1944-இல்தான். 1965 ஜூலையில் சட்டம் திருத்தப்படும் வரை, மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. அவள் வேலைக்குப் போவதைத் தடுக்கவும் கணவனுக்கு உரிமை இருந்தது. இன்று மார்க்கெட்டில் உனக்குப் பக்கத்தில் நின்று கீரை பொறுக்குகிற எண்பது வயதுப் பாட்டி அந்தக் காலத்தில் வளர்ந்தவள். அந்தச் சுவரை அவள் தலைமுறை இடித்துப் போட்டது. இப்போது உன் கைக்கு வருகிற பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பார். கார்த் வித்தால். அதில் உள்ள எண் 2-இல் தொடங்கும், நீ பெண் என்பதற்கு. பிறகு பிறந்த ஆண்டு, மாதம். வெளிநாட்டில் பிறந்ததற்கு 99. கணவனின் எண்ணுக்குக் கீழே ஒட்டுப்போட்ட எண் கிடையாது அது. 2016-இல் வந்த சீர்திருத்தம், வயது வந்த ஒருவர் இன்னொருவரைச் சார்ந்து காப்பீடு பெறும் பகுப்பையே எடுத்துவிட்டது. இந்த நாட்டின் ஏட்டில் நீ தனி ஆள். உன் வீட்டுக்குள்ளேதான் நீ இன்னும் பாதி ஆளாக இருக்கிறாய்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தெரு முனையில் இருக்கிற ரொட்டிக் கடையிலிருந்து.

பூலாஞ்சரிக்குள் நுழைகிறாய். வெண்ணெயும் வெந்த மாவும் கலந்த வாசனை. முன்னால் நான்கைந்து பேர். கவுண்டருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய பெண்மணி கை நிற்காமல் வேலை செய்கிறாள். உன் முறை வந்ததும், எதை வாங்குவது என்று சொல்லாதே. முதலில் வணக்கம் வை. "போன்ஜூர் மதாம்." இதைச் சொல்லாமல் நேராகச் சாமான் கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். 'பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை' என்று புலம்புகிற நம்மவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வணக்கத்தை விட்டவர்கள். வணக்கம் வைத்துவிட்டு, "யுன் த்ரதிசியோன், சில் வூ ப்லே" என்று கேள். 1993-இல் அரசாணை போட்டுக் காப்பாற்றிய ரொட்டி அது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, புளிக்க வைக்கும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவற்றைத் தவிர ரசாயனச் சேர்மானம் எதுவும் கூடாது, உறைய வைக்கவும் கூடாது. இந்த நீள ரொட்டி செய்யும் கைத்திறனை 2022-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 'யுன்' என்பதற்குப் பதில் 'அன்' என்று பால் மாற்றிச் சொல்லிவிட்டாயா? ரொட்டி அப்போதும் வரும். அந்தப் பெண்மணி திருத்தினால் திருத்தியபடியே திரும்பச் சொல். முகம் சிவக்கட்டும். காசைக் கொடுத்துவிட்டு "மெர்சி, போன் ஜூர்னே" என்று சொல்லி வெளியே வா. தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முனையை அங்கேயே ஒடித்து வாயில் போடு. மேல்தோல் நொறுங்கும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். இந்த ஊர்க் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை வீடு வந்து சேர்வதற்குள் அந்த முனையைத் தின்றுவிடுவார்கள். நீயும் தின்னு. உன் வாயைத் திறந்து நீ சம்பாதித்த ரொட்டி அது.

நாளையும் போ. அதே கடைக்குப் போ. ஒரு வாரத்தில் அந்தப் பெண்மணி உன் முகத்தைத் தெரிந்துகொள்வாள். ஒரு மாதத்தில் நீ கேட்பதற்கு முன்பே கை நீட்டி எடுப்பாள். கருகலாக வேண்டுமா, இளசாக வேண்டுமா என்று அவளே கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல நீ நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போவாய். மொழி இப்படித்தான் ஏறும். புத்தகத்தை மூடி வை என்று சொல்லவில்லை. நகராட்சியும் தொண்டர் சங்கங்களும் குறைந்த கட்டணத்தில் நடத்துகிற வகுப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. போய்ச் சேர். 2026 தொடக்கத்திலிருந்து வதிவிட அட்டைகள் பலவற்றுக்கும் மொழித் தேர்வு மட்டம் உயர்ந்திருக்கிறது. பத்து ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. அந்தப் பரீட்சை அறைக்குள் உனக்குப் பதிலாக உன் கணவன் உட்கார முடியாது. ஆனால் வகுப்பில் படித்ததை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தால் அது உன்னோடு வளராது. தினமும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ.

இப்போது தம்பிக்கு வருகிறேன். நீ நல்லவன். மனைவி திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் முன்னால் பாய்ந்து பேசிவிடுகிறாய். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று நீ சொல்கிறாய். வங்கியில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நீ காட்டுகிறாய். வதிவிட அட்டைக்காகப் பிரிபெக்சர் அலுவலகத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டால் நீ எழுந்து நிற்கிறாய். இதையெல்லாம் உதவி என்று நினைக்கிறாய். தம்பி, நீ அவள் நாக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்! நாளைக்கு நீ வெளியூரில் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் நூற்று மூன்று ஆனால், அவசர உதவிக்கு 15 என்ற எண்ணை அழைத்து அவள் என்ன பேசுவாள்? அவள் திணறட்டும். எதிரில் இருப்பவர் காத்திருக்கட்டும். நீ இரண்டடி பின்னால் தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டிரு. அந்த ஒரு நிமிடம் உனக்கு வலிக்கும், தெரியும். ஆனாலும் நில்.

இதை நடத்திக் காட்டிய ஒரு ஜோடியைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஆரணிப் பக்கம், தறிக்காரர்கள் வீட்டுப் பிள்ளை. கணவன் லியோனில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வந்து பல மாதமாக அவள் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அவர்களை நான்தான் குரோவா ரூஸ் குன்றுக்கு இழுத்துக்கொண்டு போனேன். லியோனுக்கு இரண்டு குன்றுகள். தேவாலயம் நிற்கும் ஃபூர்வியேரை ஜெபிக்கிற மலை என்பார்கள், குரோவா ரூஸை உழைக்கிற மலை என்பார்கள். பல் சக்கரம் வைத்த மெட்ரோ செங்குத்தாக மேலே ஏற்றிவிடும். வெளியே வந்தால் சதுக்கத்தில் ஒரு சிலை. ஜோசப் மரி ஜக்கார்டு. 1752-இல் இதே லியோனில் பிறந்தவர். துளையிட்ட அட்டைகளைக் கோத்து, எந்த நூல் மேலே எழ வேண்டும் என்பதைத் தறிக்கே சொல்லிக் கொடுத்த கருவிக்குச் சொந்தக்காரர்.

"ஜக்காடு பெட்டியா?" என்று அந்தப் பெண் நின்றுவிட்டாள். அவள் வீட்டுத் தறியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற பெட்டி. சின்ன வயதில் அதன் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். அந்தப் பெட்டியின் பெயர் ஒரு மனிதனுடைய பெயர் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

பக்கத்துத் தெருவில் கனுக்களின் இல்லம் இருக்கிறது. கனு என்றால் லியோனின் பட்டு நெசவாளி. கூலிக்காக 1831-லும் 1834-லும் தெருவில் இறங்கி ராணுவத்தையே எதிர்த்து நின்றவர்கள். உயரமான தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே நாலு மீட்டர் உயரத்துக்கு மேல்தளம் வைத்துக் கட்டிய வீடுகள் இன்றும் அந்தக் குன்று முழுக்க இருக்கின்றன. உள்ளே வழிகாட்டி கைத்தறியில் உட்கார்ந்து மிதித்துக் காட்டினாள். அட்டை நகர்ந்து, ஊசிகள் விழுந்து, நூல் பிரிந்து, நாடா ஓடியது. அந்தப் பெண் கயிற்றைத் தாண்டிப் போய்விடுவாள் போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் வழக்கம்போல, "இவளுடைய ஊரில்..." என்று தொடங்கினான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு அவளே பேசினாள். "மோன் பேர்... மெம் மஷின்." என் அப்பா, இதே மெஷின். வினைச்சொல் இல்லை, இலக்கணம் இல்லை. வார்த்தை தீர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். அட்டையில் துளை போடுவதைக் காட்டினாள், அட்டைகளைக் கயிற்றால் கோப்பதைக் காட்டினாள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும்போது மூன்று நாடா ஓடுவதையும், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ளுவதையும் இரண்டு கையாலும் நடித்தே காட்டினாள். வழிகாட்டி தறியை விட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் கேட்க, இவள் சொல்ல, சுற்றியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் இவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சேலையின் கரையை எப்படிப் பிணைக்கிறார்கள் என்று ஒரு பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பல மாதமாக மருந்துக் கடை வாசலில் தயங்கிய பெண், ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று பாடம் நடத்தினாள்.

அன்று அவளுக்கு வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. பிரெஞ்சும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் தனியாக வங்கிக்குப் போய்த் தன் பெயரில் கணக்குத் திறக்க நாள் வாங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவே போதும் என்கிறேன்! உனக்கும் அப்படி ஒன்று உண்டு, தங்கையே. ஊரிலிருந்து நீ கொண்டுவந்த பெட்டியில் இல்லாத சொத்து ஒன்று உன் கையில் இருக்கிறது. சமையலோ, தையலோ, கணக்கோ, பாட்டோ. அது எங்கே போய் எதன்மேல் மோதும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. நாலு இடத்துக்குப் போனால்தான் மோதும்.

அதனால்தான் ஊர் சுற்றுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். படம் எடுத்துப் போடுவதற்காகச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு பயணத்திலும் யாரோ ஒருவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டாக வேண்டும், அதற்காகச் சுற்றுங்கள். செலவு என்று சொல்லாதீர்கள். லியோனின் தெத் தோர் பூங்கா 1857-இல் திறந்தது. நூறு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஏரி, ரோஜாத் தோட்டம், மான்கள், ஒட்டகச்சிவிங்கி. உள்ளே போக ஒரு சென்ட் கிடையாது. பொது மிதிவண்டித் திட்டமான வெலோவ் 2005-இலேயே இங்கே வந்துவிட்டது, பாரிசுக்கு இரண்டு வருடம் முன்னால். சந்தா கட்டினால் ஒவ்வொரு சவாரியிலும் முதல் அரை மணி நேரத்துக்குத் தனிக் காசு இல்லை. ரோன் ஆற்றங்கரையில் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த இடத்தையெல்லாம் மீட்டு மனிதர் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் கொடுத்திருக்கிறார்கள். சாவோன் கரையில் சேன் தந்துவான் மார்க்கெட் காலையில் கூடும். பகல் ஒரு மணி நெருங்கக் கடை கட்டுகிற நேரத்தில் விலையைக் குறைத்துக் கூவுவார்கள். பழம் நறுக்கி உன் கையில் கொடுத்துத் தின்னச் சொல்வார்கள். அந்தக் கூச்சல் உனக்குப் புதிதா? கோயம்பேட்டில் பேரம் பேசிய வாய்தானே உன் வாய்?

வாரக் கடைசிக்கு ரயில் ஏறுங்கள். 49 யூரோவுக்குப் பெரியவர்களுக்கான அவாந்தாஜ் அட்டை ஒன்று இருவரில் ஒருவர் வாங்கினால், வாரக் கடைசிப் பயணத்தில் கூட வருகிறவருக்கும் சேர்த்து 30 சதவீதம் குறையும். லியோனிலிருந்து அரை மணி நேரத்தில் மெக்சிமியூ. அங்கிருந்து மேட்டில் ஏறினால் பெரூஜ் என்ற பழைய கோட்டைக் கிராமம், உருண்டைக் கல் பதித்த தெருக்கள், வெண்ணெயும் சர்க்கரையும் உருகிய மெல்லிய கலெத். பாரிசுக்கு வேகரயிலில் இரண்டு மணி நேரம். நாட்டின் முதல் வேகரயில் பாதையே 1981-இல் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகம் எல்லோருக்கும் இலவசம். 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டிய கட்டடம், இன்று வான்கோவும் மோனேயும் அங்கே தொங்குகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். அந்தப் பதிவை இந்த முறை யார் செய்வது என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை இந்த நாட்டில். 1936-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற இரண்டு வாரம், வளர்ந்து வளர்ந்து 1982-இல் ஐந்து வாரம் ஆனது. அத்தனையையும் சேர்த்து வைத்து ஊருக்குப் போய்வரவே செலவழிக்கிறீர்கள். அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருமா? போய் வாருங்கள். ஒரு வாரத்தையாவது இந்த மண்ணுக்கு ஒதுக்குங்கள். வாழ்வது இங்கே, மூச்சு விடுவது மட்டும் அங்கே என்று எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்?

முன்னே வெலோவ் மிதிவண்டியைச் சொன்னேனே, அதோடு இன்னொரு ஜோடி நினைவுக்கு வருகிறது. 1891-இல் போலந்திலிருந்து ஒரு பெண் பாரிசுக்கு ரயிலில் வந்து இறங்கினாள். வயது 24. பிரெஞ்சு தெரியும் என்று நம்பி வந்தவள். சோர்போனில் பேராசிரியர்கள் வேகமாகப் பேசியபோது அது போதவில்லை. மாடி அறையில் குளிரில் நடுங்கிக்கொண்டு படித்தாள். 1893-இல் இயற்பியலில் முதல் இடம். 1895 ஜூலையில் தன்னைப் போலவே கூச்சக்காரனான ஒரு பிரெஞ்சு இளைஞனைக் கைப்பிடித்தாள். கல்யாணத்துக்கு வந்த பணத்தில் அவர்கள் வாங்கியது இரண்டு மிதிவண்டிகள். அதில் ஏறி பிரிட்டானி கடற்கரை ஊர்களைச் சுற்றிவிட்டு வந்ததுதான் அவர்களது தேனிலவு. மேரி கியூரியை நமக்கு ஆய்வகத்து இருட்டில் வைத்தே காட்டுகிறார்கள். வெயிலில் மிதிவண்டி மிதித்த இருபத்தேழு வயது மேரியை நான் உனக்குக் காட்டுகிறேன். அவள் அவனுக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து போகவில்லை. அவளுக்கென்று ஒரு வண்டி இருந்தது.

அந்த இருவரும்தான் 1898-இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். 1906-இல் கணவர் பியர் பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அவர் நின்று பாடம் நடத்திய சோர்போன் மேடையில் போய் அவள் நின்றாள், அங்கே பாடம் நடத்திய முதல் பெண்ணாக. 1911-இல் அறிவியல் கழகம் அவளுக்குக் கதவைச் சாத்தியது. வெளிநாட்டுக்காரி என்று பத்திரிகைகள் வசை பாடின. அதே வருடம் இரண்டாவது நோபல் பரிசு வந்தது. பியர் இருந்தபோதே தன் வண்டியைத் தானே மிதித்துப் பழகியவள் என்பதால்தான், அவர் போன பிறகும் அவள் சாலையிலேயே இருந்தாள். உன் வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிற இந்த நாளிலேயே மிதித்துப் பழகு, தங்கையே.

அவள் மேதை, அவளைப் போய் எங்களோடு வைத்துப் பேசுகிறீர்களே என்கிறாயா? அப்படியானால் பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் லா சப்பலுக்குப் போ. 1980-களில் ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எழுப்பிய தெரு அது. கையில் வேலை உத்தரவு இல்லை, வாயில் ஒரு வார்த்தை பிரெஞ்சு இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. உணவகங்களின் அடுக்களையில் கோப்பை கழுவினார்கள். 'சட்டி', 'கத்தி', 'சீக்கிரம்', 'சூடு' என்று திட்டு வாங்கி வாங்கியே மொழி படித்தார்கள். கழுவியவர்களில் பலர் சமைக்கப் போனார்கள், சமைத்தவர்களில் சிலர் கடை போட்டார்கள். 1985-இல் மாணிக்க விநாயகருக்குக் கோயில் எழுப்பினார்கள். இன்று கோடை முடியும் நேரத்தில் அந்தப் பிள்ளையாரின் தேர் பாரிஸ் வீதியில் வருகிறது. போலீஸ் வண்டிகளை மறித்து வழி விடுகிறது, நடுத்தெருவில் தேங்காய்கள் மலைமலையாக உடைகின்றன, பிரெஞ்சுக்காரர்கள் குடும்பத்தோடு நின்று பார்க்கிறார்கள். அந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இலக்கணம் சரியாகட்டும் என்று காத்திருந்தார்களா? பட்டமும் விசாவும் விமான டிக்கெட்டும் கையோடு வந்து இறங்கிய உனக்கு, அவர்கள் பட்டதில் நூற்றில் ஒரு பங்கு பாடு இல்லை. பயப்பட உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

குளிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பரில் லியோனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊர்ப் பிள்ளைகள் சோர்ந்து விழுகிற மாதங்கள் இவை. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் காரணமே தெரியாமல் அழுகை வரும். அது பலவீனம் இல்லை, வெயில் பார்த்து வளர்ந்த உடம்பு கேட்கிற கேள்வி. அதிகமாகிவிட்டால் டாக்டரிடம் போவதில் வெட்கம் கூடாது. மற்றபடி நல்ல கோட் ஒன்றில் காசைப் போடு, பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரமாவது நட. டிசம்பர் 8 இரவு வீட்டுக்குள் இருக்கவே இருக்காதே. 1852-இல் ஃபூர்வியேரில் மாதா சிலை வைத்த அன்று ஊர் மக்கள் தாங்களாகவே ஜன்னல் தோறும் விளக்கேற்றினார்கள். அதிலிருந்து வந்த திருவிழாவில் லியோன் முழுவதும் தெருவில் இருக்கும். கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல் வைத்த வீட்டுப் பிள்ளை நீ. உன் ஜன்னலிலும் கண்ணாடிக் குவளையில் மெழுகுவத்தி ஏற்றி வை. பக்கத்து வீட்டு அம்மாள் ஏறிட்டுப் பார்ப்பாள். பேச்சு அங்கே பிறக்கும்.

தம்பி, உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நீ வேலைக்குப் போகிறாய் என்பதால் நீ வெளியே வந்துவிட்டாய் என்று அர்த்தமில்லை. ஆபீசில் ஆங்கிலம், அறையில் ஆங்கிலம், மதியம் டிபன் பாக்சைத் திறந்து கணினிக்கு முன்னாலேயே சாப்பாடு. பன்னிரண்டரைக்குச் சக ஊழியர்கள் எல்லோரும் எழுந்து போய் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, ஏன் என்று யோசித்தாயா? வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர்களைச் சாப்பிட விடக்கூடாது என்று இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே விதி இருக்கிறது. அந்த மேசையில்தான் நட்பு உண்டாகிறது, அடுத்த பதவி யாருக்கு என்ற பேச்சு நடக்கிறது, நல்ல வீடு எங்கே காலி என்ற செய்தி வருகிறது. டிபன் பாக்சை அந்த மேசைக்குத் தூக்கிக்கொண்டு போ. எலுமிச்சை சாதத்தை நீட்டு. பாதி புரியாவிட்டாலும் உட்கார்ந்திரு. இல்லாவிட்டால், நான் சொன்னதைக் கேட்டுத் தினமும் ரொட்டிக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வருகிற உன் மனைவி இரண்டு வருடத்தில் உனக்கு மொழிபெயர்ப்பாள். அப்படி நடந்தால் பெருமைப்படு. ஆனால் நீயும் ஓடு.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், தங்கையே. கணவன் டாலன்ட் வகை வதிவிட அட்டையில் வந்திருந்தால், குடும்பத்தினர் என்று உனக்குக் கொடுத்திருக்கும் அட்டையிலேயே வேலை செய்யும் உரிமை இருக்கிறது. வீட்டு அலமாரியில் தூங்குகிற அந்த அட்டையை எடுத்துப் படி. உன் பட்டம் இங்கே எந்த நிலைக்குச் சமம் என்று எனிக்-நாரிக் மையம் சான்று கொடுக்கும். பிரான்ஸ் த்ரவாய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய். நர்சிங், மருத்துவம் போன்ற சில தொழில்களுக்கு இங்கே மேலும் படித்து அனுமதி வாங்க வேண்டும், வழி நீளம்தான். நீளமான வழி என்றால் இன்றே கிளம்ப வேண்டும். நிராகரிப்புக் கடிதம் வரும். ஒன்றல்ல, அடுக்கடுக்காக வரும். ஒவ்வொன்றையும் அகராதி வைத்துப் படித்து முடி. அடுத்த விண்ணப்பத்தை எழுதும் பிரெஞ்சு அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது போன் பேசுவது. எதிராளியின் முகம் தெரியாது, கையசைத்துக் காட்ட முடியாது, வேகமாகப் பேசுவார்கள். அதனால்தான் பல் டாக்டருக்கு நாள் கேட்க வேண்டிய அந்தப் போனை வாரக்கணக்கில் தள்ளிக்கொண்டே வருகிறாய். பல்லும் வலித்துக்கொண்டே இருக்கிறது. இன்றிரவு ஒரு தாளை எடு. உன் பெயர், பெயரின் எழுத்துக்களைப் பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொல்வது எப்படி, பிறந்த தேதி, எங்கே வலி, எந்தக் கிழமை வசதிப்படும், எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வை. 'கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்' என்பதையும் எழுது, "ப்ளு லாந்த்மான், சில் வூ ப்லே." புரியாவிட்டால் இரண்டாவது முறை கேள், மூன்றாவது முறையும் கேள். அவர்கள் போனை வைத்துவிட்டால் திரும்ப அடி.

நாளை காலை ஒன்பது மணிக்கு அந்த எண்ணை அழுத்து. தம்பி, அவள் பேசி முடிக்கும் வரை நீ அடுத்த அறையில் இரு.